வயிற்றுவலியும் காலதாமதமும்

(ஊரக வளர்ச்சிப் பணிக்குப் பயிற்சி பெறும் அலுவலர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

மக்களின் அன்றாடப் பேச்சில் வயிற்றுவலியைப் போல எளிதாகக் கூறப்படும் உடற்குறை வேறொன்று இல்லை எனலாம். பள்ளிக்குச் செல்ல விரும்பாத சிறுவன் கூறும் காரணமும் அதுவே. திருமண விருந்துக்கு மறுநாள் அலுவலகத்திற்கு வந்து சேரும் விடுப்புக் கடிதத்தில் காணப்படுவதும் அதுவே. இவ்வளவு பழகிப்போன ஒன்று என்பதாலேயே, உயிருக்கு ஆபத்தான வேளையிலும் அது உரிய முறையில் அடையாளம் காணப்படாமற் போகிறது. வயிற்றுவலிகளுள் மிகப் பெரும்பான்மையானவை தாமே தணிந்துவிடுபவை. எஞ்சிய சிறுபான்மைக்கோ மணிக்கணக்கில்தான் அவகாசம் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் பணி என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் நமது நாட்டின் ஊரகப் பகுதிகளில் அம்முடிவை முதன்முதலில் எடுப்பவர் மருத்துவர் அல்லர். நோயாளியின் கணவர், மாமியார், அண்டை வீட்டுப் பெரியவர், மருந்துக்கடைக்காரர் ஆகியோருள் ஒருவரே அதனை எடுக்கிறார். அவருடைய முடிவு எத்தகைய செய்திகளின் அடிப்படையில் அமைகிறது, அம்முடிவுக்குப் பின் நோயாளியைக் கொண்டு செல்ல ஓர் இடம் இருக்கிறதா என்னும் இரு வினாக்களையே இங்கு ஆராய வேண்டியுள்ளது.

இந்தியத் தலைமைப் பதிவாளரின் மாதிரிப் பதிவு முறையின்கீழ் வரும் இல்லங்களில் நிகழ்ந்த இறப்புகளைக் கொண்டு, 'பத்து லட்சம் இறப்புகள் ஆய்வு' என்னும் பெரும் ஆய்வு நடத்தப்பட்டது. அதன் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டில் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியாயிற்று. 2010ஆம் ஆண்டில் மட்டும் 70 வயதுக்குட்பட்டோருள் ஏறத்தாழ 72,000 பேர் திடீர் வயிற்று நோய்களால் இறந்தனர் என்று அது மதிப்பிட்டது. இரைப்பைப் புண், குடல்வால் அழற்சி, குடலிறக்கம், குடல் அடைப்பு போன்று அறுவை மருத்துவரின் உதவியை நாட வேண்டிய நோய்களே இவை. இவ்விறப்புகளுள் 71 விழுக்காடு வீட்டிலேயே நிகழ்ந்தன. 87 விழுக்காடு ஊரகப் பகுதிகளைச் சேர்ந்தவை. இறப்பு மிகுந்த பகுதிகளையும் குறைந்த பகுதிகளையும் ஒப்பிட்டபோது, முன்னதில் இறப்பு வீதம் பின்னதைப் போல ஒன்பது மடங்கு இருந்தது.

பொருளியல் மாணவர்கள் கருத வேண்டிய செய்தி இதற்கு அடுத்ததாகும். இந்த வேறுபாடு வசதிகள் நிறைந்த மாவட்ட மருத்துவமனையிலிருந்து உள்ள தொலைவோடு இணைந்து சென்றது. 50 கிலோமீட்டரும் அதற்கு அப்பாலும் உள்ள ஒரு பகுதி, இறப்பு மிகுந்த பகுதியாக அமைவதற்கான வாய்ப்பு விகிதம் 4.4 ஆகவும், 100 கிலோமீட்டரைத் தாண்டினால் 16.1 ஆகவும் கணிக்கப்பட்டது. அவசரமற்ற அறுவை நோய்களைப் பொறுத்தவரை இத்தகைய தொடர்பு காணப்படவில்லை. ஏழ்மையும் கல்வியின்மையும் மட்டுமே காரணமாயின் இரு வகை நோய்களிலும் தொலைவின் சாயல் தெரிந்திருக்க வேண்டும். கடிகாரத்தோடு போட்டியிடும் நோய்களில் மட்டும் அது தெரிந்தது என்பதே இவ்வாய்வின் சிறப்பு.

வலி கூறும் செய்தி

வயிற்றினுள் இருக்கும் உறுப்புகளுக்குத் தோலுக்கு உள்ளதைப் போன்ற உணர்வு இல்லை. குடலை அறுத்தாலும் வலி தெரியாது; ஆனால் அது உப்பினாலோ, முறுக்கினாலோ, இரத்த ஓட்டம் இழந்தாலோ வலிக்கும். அவ்வலியின் இடத்தையும் அதனால் சரியாகச் சுட்டிக் காட்ட இயலாது. இரைப்பை, பித்தப்பை, கணையம் ஆகியவற்றின் தொல்லை மேல்வயிற்றின் நடுவிலும், சிறுகுடலின் தொல்லை கொப்பூழைச் சுற்றியும், பெருங்குடலின் பிற்பகுதியின் தொல்லை அடிவயிற்றிலும் மங்கலாக உணரப்படுகின்றன. வயிற்றறையின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய சவ்வின் இயல்பு வேறு. அது கூர்மையான உணர்வு கொண்டது. நோய் அதனைத் தொட்டுவிட்டால், 'இந்த இடம்' என்று நோயாளி ஒரு விரலால் காட்டத் தொடங்குகிறார்.

குடல்வால் அழற்சியின் போக்கு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. முதலில் கொப்பூழைச் சுற்றி இனந்தெரியாத வலி. பின்னர் உணவில் வெறுப்பு, ஓரிரு முறை வாந்தி. சில மணி நேரங்களுக்குப் பின் வலி வலப்பக்க அடிவயிற்றில் சென்று நிலைகொள்கிறது. வலி இடம் மாறியதைக் கண்டு 'முன்பு இருந்த இடத்தில் இப்போது இல்லை, குறைந்து வருகிறது' என்று வீட்டார் ஆறுதல் அடைவது உண்டு. உண்மையில் நோய் உட்சுவரை எட்டிவிட்டது என்பதே அதன் பொருள். இந்நோயில் வலி முன்னும் வாந்தி பின்னும் வருவது வழக்கம். கெட்டுப்போன உணவால் வரும் தொல்லையில் வாந்தியோ பேதியோ முந்திக்கொள்வது பெரும்பான்மை. எளிய குறிப்புத்தான், விதிவிலக்குகள் உண்டு எனினும் வீட்டாருக்குப் பயன்படக்கூடியது.

குடல்வாலின் அழற்சியே இந்நோய்க்குக் காரணம் என்பதை அமெரிக்காவின் ரெஜினால்டு ஃபிட்ஸ் 1886இல் தெளிவுபடுத்தினார். மூன்றாண்டுகளுக்குப் பின் சார்லஸ் மெக்பர்னி, அழுத்தினால் மிகுதியாக வலிக்கும் புள்ளியை வரையறுத்தார். எனினும் இந்நோயை உலகறியச் செய்தது ஓர் அரசரின் வயிற்றுவலி. 1902 ஜூன் 26ஆம் நாள் லண்டனில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா நடைபெறவிருந்தது. அதற்கெனச் சென்ற இந்திய அரசர்களுள் ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மாதோ சிங், பெரும் வெள்ளிக் கலங்களில் கங்கை நீரையும் உடன் கொண்டு சென்றிருந்தார். அரசருக்கோ பல நாட்களாகவே வயிற்றுவலி இருந்தது. விழாவை ஒத்திவைக்க அவர் விரும்பவில்லை. இறுதியில் ஜூன் 24ஆம் நாள் அறுவை மருத்துவர் ஃபிரெடரிக் டிரீவ்ஸ் அரண்மனையிலேயே அறுவை செய்து, குடல்வாலைச் சுற்றித் திரண்டிருந்த சீழை வெளியேற்றினார். விழா ஆகஸ்டு 9ஆம் நாள் நடைபெற்றது. நாடு முழுவதையும் தம் பணிக்குக் கொண்டிருந்த அரசரே நாள்களைத் தள்ளிப்போட்டார் எனில், அறுவடைக் காலத்தில் கூலியை இழக்க அஞ்சும் தொழிலாளி தள்ளிப்போடுவதில் வியப்பில்லை.

குடல்வால் அழற்சியின் மருத்துவம் இன்று ஓரளவு மாறியுள்ளது. சிக்கலற்ற நிலையில் உள்ள சிலருக்கு அறுவையின்றி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கொண்டே மருத்துவம் செய்யப்படுகிறது. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் இவ்வாறு மருத்துவம் பெற்றவர்களுள் ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு 90 நாட்களுக்குள் அறுவை தேவைப்பட்டது. எனவே இது ஸ்கேன் எடுத்து, மருத்துவமனையின் கண்காணிப்பில் செய்யத்தக்க தேர்வாகும். மருந்துக்கடையில் வாங்கிய நான்கு மாத்திரைகளோடு வீடு திரும்புவதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளுதல் தகாது.

எப்போது காத்திருக்கலாகாது

நல்ல உடல்நிலையில் இருந்த ஒருவருக்குத் திடீரெனத் தோன்றிய கடும் வயிற்றுவலி ஆறு மணி நேரம் தணியாமல் நீடித்தால், அதன் காரணம் பெரும்பாலும் அறுவை மருத்துவத்தைச் சார்ந்ததாகவே இருக்கும் என்பது மருத்துவர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் விதி. பிரிட்டனின் ஜக்கரி கோப் 1921இல் வெளியிட்ட நூல் வழியாக அது பரவியது. ஆறு மணி நேரம் காத்திருக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அதற்கு முன்னரே புறப்பட வேண்டிய நிலைகள் பல உள்ளன.

வயிறு பலகையைப் போல் விறைத்துவிடுதல் அவற்றுள் முதன்மையானது. இரைப்பை அல்லது முன்சிறுகுடலில் உள்ள புண் துளைத்துவிட்டால், கத்தியால் குத்தியதைப் போன்ற வலி ஒரு கணத்தில் எழுகிறது. அந்நோயாளி அசையாமல் படுத்திருப்பார், இருமவும் அஞ்சுவார். சிறுநீரகக் கல்லால் துன்புறுபவரோ எந்நிலையிலும் இருக்க முடியாமல் புரண்டு துடிப்பார். கூச்சலிட்டுப் புரள்பவரைக் கண்டு கூட்டம் கூடுகிறது. அசையாமல் கிடப்பவரை 'சற்று ஓய்வெடுக்கட்டும்' என்று விட்டுவிடுகின்றனர். ஆபத்து மிகுந்தவர் பெரும்பாலும் பின்னவரே. வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வலி மிகுகிறதா என்று கேட்பது குடல்வால் அழற்சியைக் கண்டறிய உதவுகிறது என்று 2012இல் பிரிட்டனில் ஒரு சிறு ஆய்வு தெரிவித்தது. நமது சாலைகளில் இச்சோதனைக்குத் தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படாது.

வயிறு உப்பி, காற்றும் மலமும் அடியோடு நின்று, வாந்தி தொடர்ந்தால் குடல் அடைப்பை ஐயுற வேண்டும். வாந்தியிலோ மலத்திலோ இரத்தம் காணப்படுதல், மலம் தார் போல் கறுத்திருத்தல், வலியோடு கடும் காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்தல், மயக்கம், குளிர்ந்த வியர்வை ஆகிய எதுவும் வீட்டில் வைத்துப் பார்க்கத் தக்கதன்று. கைக்குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, கால்களை மடக்கி, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தமும் சளியும் கலந்து வந்தாலோ அன்றே மருத்துவமனை சேர வேண்டும். சிறுவர்கள் வெட்கத்தால் விதைப்பையின் வலியை வயிற்றுவலி என்று கூறிவிடுவதும் உண்டு. விதை முறுக்கிக்கொண்ட நிலையில் அதனைக் காப்பாற்ற ஏறத்தாழ ஆறு மணி நேரமே கிடைக்கிறது. முதியோர், நெடுநாள் நீரிழிவு நோயாளிகள், ஸ்டீராய்டு மருந்து உண்பவர்கள் ஆகியோரிடம் வலியின் குரல் தாழ்ந்தே ஒலிக்கும். வலி குறைவு என்பதைக் கொண்டு நோயும் குறைவு என்று கொள்ளலாகாது.

வயிற்றில் தோன்றினும் வயிற்றைச் சாராத வலிகள் சில உண்டு. இதயத்தின் கீழ்ச்சுவரில் இரத்த ஓட்டம் அடைபடும்போது மேல்வயிற்றில் அழுத்தமும் குமட்டலும் வியர்வையும் தோன்றுவதுண்டு. அதனை 'வாயு' என்று கருதி சோடாவும் ஓமநீரும் பருகிக்கொண்டிருக்கையில் இதயத்தசை அழிகிறது. நடுவயதைத் தாண்டியவர்களுக்கு இவ்வகை வலி வந்தால் முதலில் எடுக்க வேண்டியது இ.சி.ஜி. ஆகும்.

நமது ஊரகங்களுக்கே உரிய மற்றொன்று கட்டுவிரியன் கடி. இப்பாம்பு இரவில், தரையில் உறங்குபவர்களைக் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. பல் பதிந்த தடமும் தெரியாமற் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலியோடும் வாந்தியோடும் எழுபவர், சற்று நேரத்தில் இமைகளைத் தூக்க இயலாமல், விழுங்க இயலாமல், இறுதியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும் நிலையை அடைகிறார். 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இந்தியாவில் இறந்தனர் என்பது ஆய்வாளரின் மதிப்பீடு. 2030க்குள் இவ்விறப்புகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்னும் தேசியச் செயல்திட்டம் 2024இல் வெளியிடப்பட்டது. மழைக்காலத்தில் தரையில் உறங்கி எழுந்தவரின் வயிற்றுவலிக்கும் சொருகும் கண்களுக்கும் உள்ள தொடர்பை ஊரிலுள்ள ஆஷா பணியாளர் அறிந்திருந்தாலே அத்திட்டத்தின் ஒரு பகுதி நிறைவேறிவிடும்.

நாட்டுக்குள் நாடு

பாரதம் முழுவதற்கும் ஒரே வயிற்றுவலி என்று கூறுவதற்கில்லை. பித்தப்பைக் கற்கள் வட இந்தியாவில், குறிப்பாகக் கங்கைச் சமவெளியில், மிகுதி. பித்தப்பைப் புற்றுநோயும் அச்சமவெளியின் பெண்களிடையே உலக அளவில் ஒப்பிடத்தக்க அளவுக்குப் பெருகியுள்ளது. குஜராத், ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா ஆகிய வறண்ட மாநிலங்கள் சிறுநீரகக் கற்களுக்குப் பெயர் பெற்றவை. மது அருந்தாத இளைஞர்களுக்குக் கணையத்தில் கற்கள் தோன்றி, வயிற்றுவலியில் தொடங்கி நீரிழிவில் முடியும் நோயைக் கேரளத்தில் விரிவாக ஆராய்ந்தவர் டாக்டர் கீவர்கீஸ். அவருடைய நூல் 1968இல் வெளியாயிற்று. தூய குடிநீர் எட்டாத இடங்களில் டைஃபாய்டு காய்ச்சல் இரண்டாம் மூன்றாம் வாரங்களில் சிறுகுடலின் கடைப்பகுதியைத் துளைத்துவிடுவதை அறுவை மருத்துவர்கள் இன்றும் காண்கின்றனர். குடலைத் தாக்கும் காசநோயோ மாதக்கணக்கில் விட்டுவிட்டு வலித்து, உடலை மெலியவைத்து, 'பழைய வலிதான்' என்று வீட்டார் பழகிவிட்ட பின் ஒருநாள் முழு அடைப்பாக வெளிப்படுகிறது. மாவட்ட அலுவலர் தம் மாவட்டத்திற்கு உரிய நோய் எது என்பதைத் தலைமை மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொள்வது பயனுடையது.

குடற்புழுக்களையும் குறிப்பிட வேண்டும். உருளைப் புழுக்கள் பந்தாகத் திரண்டு சிறுவர்களின் குடலை அடைத்துவிடக்கூடும். 2015 முதல் பிப்ரவரி 10ஆம் நாளைத் தேசியக் குடற்புழு நீக்க நாளாகக் கொண்டு, 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. ஒரு மாத்திரையின் விலையையும் ஓர் அறுவையின் செலவையும் ஒப்பிடுபவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

வீட்டு வைத்தியம் முழுவதையும் எள்ளி நகையாடுதல் முறையன்று. பெருங்காயம், ஓமம், இஞ்சி ஆகியவற்றால் தீங்கில்லை. சிறு தொல்லைகள் தணியும் வரை அவை மனத்துக்கும் ஆறுதல் தருகின்றன. தீங்கு விளைவிப்பவை வேறு. கொப்பூழ் இடம் பெயர்ந்துவிட்டது என்று வட மாநிலங்களிலும், குடல் ஏறிவிட்டது என்று தமிழகத்திலும், எண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி உருவுகின்றனர். வீங்கிச் சீழ் கட்டிய குடல்வாலின்மீது இவ்வழுத்தம் விழுந்தால் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. ஜார்க்கண்டின் கொல்ஹான் பகுதியில் மகர சங்கராந்தியை ஒட்டிக் குழந்தைகளின் கொப்பூழைச் சுற்றிச் சூடு இடும் 'சிடி தாக்' என்னும் வழக்கம், வயிற்று நோய்களிலிருந்து காக்கும் என்னும் நம்பிக்கையில் எழுந்ததாகும். குழந்தையின் நலனை நாடியே தாயர் அதனைச் செய்விக்கின்றனர் என்பதை மறந்து, சட்டத்தைக் காட்டி மட்டும் அதனை நிறுத்திவிட இயலாது. காரணம் தெரியாத வயிற்றுவலிக்குப் பேதி மருந்தும் எனிமாவும் தருவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

வலி நிவாரணி மாத்திரைகளைப் பற்றிய கருத்து மாறியுள்ளது. நோயைக் கண்டறியும் வரை வலியைத் தணிக்கலாகாது என்று முன்னர்ப் போதிக்கப்பட்டது. மருத்துவமனையில் வலியைத் தணிப்பதால் நோயறிதல் கெடுவதில்லை என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் கடையில் சீட்டின்றி வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் நோயாளியை இன்னும் ஓர் இரவு வீட்டில் வைத்திருக்கின்றன என்பதும், மூட்டுவலிக்கென அவற்றை நாள்தோறும் உண்பவர்களின் இரைப்பையில் புண் தோன்றித் துளைபடுகிறது என்பதும் மெய். இரைப்பைப் புண்ணின் மற்றொரு காரணியான ஹெலிகோபாக்டர் பைலோரி நுண்ணுயிரைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். கவலையாலும் காரத்தாலும் மட்டுமே புண் வருகிறது என்னும் பழைய எண்ணம் அதனோடு நீங்கியிருக்க வேண்டும். நமது நாட்டில் இன்னும் நீங்கவில்லை.

பெண்களின் நிலை தனியே கூறத்தக்கது. மாதவிலக்கைக் குறிக்கும் நாகரிகச் சொல்லாக 'வயிற்றுவலி' வழங்குவதால், பெண் வயிற்றுவலி என்றதுமே மேற்கொண்டு எவரும் வினவுவதில்லை. கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் கரு தங்கி வெடிக்கும்போது உள்ளே கொட்டும் இரத்தம் சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும். மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒருபக்க அடிவயிற்றில் வலியும் மயக்கமும் தோன்றினால் அதனையே முதலில் ஐயுற வேண்டும். மணமாகாத பெண்ணிடம் இவ்வினாவைத் தனியே, மரியாதையோடு கேட்கும் பயிற்சி எத்தனை சுகாதார நிலையங்களில் அளிக்கப்படுகிறது என்பது கேள்விக்குரியது.

காத்திருத்தலின் கணக்கு

பேறுகால இறப்புகளை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்னும் இருவர் 1994இல் மூன்று தாமதங்களை வகுத்துக் காட்டினர். மருத்துவ உதவியை நாட முடிவெடுப்பதில் தாமதம் ஒன்று. இடத்தைச் சென்றடைவதில் தாமதம் ஒன்று. சென்றடைந்த பின் உரிய மருத்துவம் கிடைப்பதில் தாமதம் ஒன்று. வயிற்றுவலிக்கும் இப்பகுப்பு அப்படியே பொருந்தும்.

முதல் தாமதத்தை அறியாமை என்று கூறிவிடுவது அலுவலக அறிக்கைகளின் வழக்கம். கணக்கிட்டுப் பார்த்தால் அது அறியாமை மட்டும் அன்று என்பது விளங்கும். பெரும்பாலான வலிகள் தாமே தணிவதால், காத்திருப்பவர் பெரும்பாலான முறை வெல்கிறார். ஒவ்வொரு வெற்றியும் அடுத்த முறை காத்திருக்கத் துணிவு தருகிறது. சத்தீஸ்கரின் காட்டோரச் சிற்றூரில் வாழும் ஒரு தொழிலாளியை எண்ணிப் பார்க்கலாம். நகரத்து மருத்துவமனைக்குச் சென்றால் இழக்கும் கூலி, வாடகை வண்டி, ஸ்கேன், துணைக்கு வருபவரின் கூலி ஆகியவை ரூபாய்க் கணக்கில் அவருக்குத் திட்டமாகத் தெரியும். செல்வதால் தவிர்க்கப்படும் இழப்போ கண்ணுக்குத் தெரியாதது. தெரிந்த செலவுக்கும் தெரியாத இழப்புக்கும் இடையே அவர் செய்யும் தேர்வைப் பகுத்தறிவற்றது என்று எந்தப் பொருளியல் நூலும் கூறாது. அச்செலவைக் குறைப்பதும், ஆபத்தான வலியின் அடையாளங்களை அவருக்கு அறிவிப்பதும் அரசின் கடமையாகின்றன.

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலுத்தும் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து, 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்துள்ளதாகத் தேசியச் சுகாதாரக் கணக்குகள் காட்டுகின்றன. இம்முன்னேற்றம் பாராட்டத்தக்கதே. எனினும் காப்பீடு உதவுவது உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்ட பின்னரே. 'சேர்க்க வேண்டியதில்லை, சாதாரண வலிதான்' என்று மருத்துவர் கூறி அனுப்பிவிட்டால், அந்த நல்ல செய்திக்கான செலவு முழுவதும் நோயாளியுடையது. ஆபத்தில்லை என்று அறிந்துகொள்வதற்கே ஏழை பணம் கொடுக்க வேண்டியிருக்கும் வரை முதல் தாமதம் நீடிக்கும். குடலிறக்கத்தை ஆண்டுக்கணக்கில் துணியால் கட்டிக்கொண்டு உழைக்கும் உழவர்களை எந்த மாநிலத்திலும் காணலாம். திட்டமிட்டுச் செய்தால் எளிய அறுவை. குடல் நெரிபட்ட பின் நள்ளிரவில் செய்தால் குடலின் ஒரு பகுதியையே அகற்ற நேரிடும்.

இரண்டாவது தாமதத்தில் நாடு கணிசமாக முன்னேறியுள்ளது. 2005 ஆகஸ்டில் ஐதராபாத்தில் தொடங்கிய 108 அவசர ஊர்தி பல மாநிலங்களுக்குப் பரவியுள்ளது. அதே ஆண்டில் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டமும் ஆஷா பணியாளர்களும் பேறுகாலப் பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பழக்கத்தையே உருவாக்கினர். ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 254ஆக 2004-06இல் இருந்த பேறுகால இறப்பு 2018-20இல் 97ஆகக் குறைந்தது. பேறுகால வலிக்கு வண்டியை அழைக்க வேண்டும் என்பதை ஊர் கற்றுக்கொண்டுவிட்டது. விறைத்த வயிற்றுக்கும் அதே வண்டியை அழைக்கலாம் என்பதைக் கற்பிப்பதற்குப் புதிய துறையோ புதிய பணியிடமோ தேவையில்லை. தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி 2019 முதல் பல இடங்களில் பயன்பட்டு வருகிறது. ஆனால் வயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்தே அறிய வேண்டிய நோயில் திரையின் பயன் ஓர் எல்லைக்கு உட்பட்டது. உடனே அனுப்புக என்று சொல்வதற்கு அது போதும்.

மூன்றாவது தாமதமே கடினமானது. விதிமுறைப்படி சமவெளியில் 1,20,000 மக்களுக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம் உண்டு. அதில் அறுவை மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும். ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரம் 2021-22இன்படி, தேவையோடு ஒப்பிடுகையில் இந்நிலையங்களில் அறுவை மருத்துவர் பற்றாக்குறை 83.2 விழுக்காடு. கட்டடம் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. வண்டி வந்து நின்றதும் மற்றொரு வண்டியில் ஏற்றி அனுப்பப்படுகிறது. முன்னர்க் குறிப்பிட்ட 2015ஆம் ஆண்டு ஆய்வின் பரிந்துரையும் புதிய மருத்துவமனைகளைப் பற்றியதன்று. இருக்கும் அரசு மருத்துவமனைகளுக்கு ஆளும் கருவியும் அளிப்பதையே அது வலியுறுத்துகிறது. பேறுகால அறுவைக்கென இருபத்துநான்கு மணி நேரமும் இயங்க வேண்டிய முதல்நிலைப் பரிந்துரை மையத்தில் அறுவை அரங்கு, மயக்க மருந்து, இரத்தச் சேமிப்பு ஆகியவை ஏற்கெனவே இருத்தல் வேண்டும். அந்த அரங்கிலேயே துளைபட்ட இரைப்பையையும் தைக்கலாம். இரு தேவைகளையும் வெவ்வேறு கோப்புகளில் வைத்திருப்பது நிர்வாகத்தின் வசதிக்காகவே. மயக்க மருந்து வல்லுநர் வாரத்தில் எந்த இரவுகளில் பணியில் இருக்கிறார் என்னும் ஒரே வினா, ஆய்வுக் கூட்டங்களில் படிக்கப்படும் பல பக்க அறிக்கைகளைவிட மிகுதியான உண்மையை வெளிப்படுத்தும்.

இவ்விறப்புகள் கணக்கில் வராமையே இவற்றைப் பற்றிய அக்கறையின்மைக்கு ஒரு காரணம். பேறுகால இறப்பு ஒவ்வொன்றும் மாவட்ட அளவில் ஆராயப்பட வேண்டும் என்னும் முறை உள்ளது. வயிற்று நோயால் வீட்டில் இறந்தவருக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. 2020இல் பதிவான இறப்புகளுள் மருத்துவரால் காரணம் சான்றளிக்கப்பட்டவை 22.5 விழுக்காடு மட்டுமே. இறுதி நோயில் மருத்துவர் எவரும் பார்க்காதவருக்குச் சான்றிதழ் கிடைக்க வழியில்லை. அவர்களுடைய வீடுகளில் விசாரிப்பவர்க்கு 'வயிற்றுவலி, இரண்டு நாள்' என்னும் அளவிலேயே விடை கிடைக்கிறது. வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஓராண்டின் இறப்புப் பதிவுகளுள் 70 வயதுக்குட்பட்டோரின் இத்தகைய நிகழ்வுகளைப் பிரித்தெடுத்து, ஆஷா பணியாளரைக் கொண்டு அவ்வீடுகளில் மூன்று செய்திகளை மட்டும் கேட்டு எழுதச் செய்யலாம்: வலி தொடங்கிய நேரம், வீட்டை விட்டுப் புறப்பட்ட நேரம், அறுவை வசதியுள்ள மருத்துவமனையை அடைந்த நேரம். மூன்றாவது கட்டம் பல வரிகளில் வெறுமையாகவே இருக்கக்கூடும். அவ்வரிகளுக்கு உரிய ஊர்களை வரைபடத்தில் குறித்து, மாவட்ட மருத்துவமனையிலிருந்து 50 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் வரைந்தால், அடுத்த ஆண்டின் திட்ட ஒதுக்கீட்டில் அவசர ஊர்தியை எங்கு நிறுத்துவது, எந்தச் சமுதாய சுகாதார நிலையத்திற்கு முதலில் மயக்க மருந்து வல்லுநரைக் கோருவது என்பதை முடிவு செய்யலாம்.